மறுமதிப்பீட்டில் வீட்டின் மதிப்பு இரட்டிப்பானால் சொத்து வரியும் இரட்டிப்பாகுமா?

கேள்வி: மதிப்பீட்டு அறிவிப்பைக் கண்டு திகைத்துப்போனேன். வரி எவ்வாறு நிர்ணயிக்கப்படுகிறது, அது எதற்குச் செலவாகிறது?

பதில் 1: இரட்டிப்பாக வேண்டுமென்பதில்லை. பல நாடுகளில் உள்ளாட்சி அமைப்பு தன் ஆண்டுச் செலவிலிருந்து பிற வருவாயைக் கழித்து, மீதியை எல்லாச் சொத்துகளின் மொத்த மதிப்பால் வகுத்தே வரிவீதத்தைக் காண்கிறது என்பதால், செலவு மாறாமல் அனைவரின் மதிப்பும் இரட்டித்தால் வீதம் பாதியாகிவிடும். செலவு கூடாதவரை, மற்றவர்களைவிட உங்கள் மதிப்பு அதிகமாக ஏறியிருந்தால்தான் சுமை கூடும்.

பதில் 2: வீதம் முன்கூட்டியே நிலையாக நிர்ணயிக்கப்பட்ட இடங்களில் இக்கணக்கு செல்லாது. எப்படியாயினும், அறிவிப்பில் கட்டடத்தின் பரப்பளவைச் சரிபாருங்கள் (பிழை அங்கே ஒளிந்திருக்கக்கூடும்). மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு.

பதில் 3: தெருவிளக்கு, வடிகால், குப்பை அகற்றல், உள்ளூர்ச் சாலைகள் ஆகியவற்றுக்கே சொத்து வரி பொதுவாகச் செலவாகிறது, அமெரிக்காவில் பெரும்பங்கு பள்ளிகளுக்குச் செல்கிறது.