கோழி வலைக்கு சோலார் வேலி: கீரிக்கு எத்தனை கம்பி, எந்த உயரம்?

அணைக்கட்டு_கோழி:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால 10 சென்ட், 40 நாட்டுக்கோழி. கல்லுக்கால் நட்டு 5 அடி ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) கோழி வலை கட்டியிருக்கு. கீரி வலைக்கு அடியில பறிச்சு வருது, காட்டுப்பூனை மேல ஏறிக் குதிக்குது. சோலார் வேலி கேட்டா, கடைக்காரர் பன்னிக்குப் போடற மாதிரி 1, 2, 3 அடியில மூணு கம்பி போதும்கிறார். கீரி நிக்குமா? சித்திரையில செம்மண் காஞ்சு கிடக்கும்போது ஷாக் அடிக்குமா?

பாலாறு_கரை:
நிக்காது. ஒரு அடி கம்பிக்குக் கீழ கீரி குனியாமலே போயிடும்.

உங்க ரெண்டாவது கேள்விதான் முக்கியம். ஷாக் கம்பியில இருந்து மிருகத்தோட உடம்பு வழியா மண்ணுக்குள்ள இறங்கி, எர்த் ராடு (மண்ணுல அடிக்கிற இரும்புக் கம்பி) வழியா, ஷாக் விடற மெஷினுக்குத் திரும்பணும். மண் காஞ்சா அந்த வழி அடைபடும். அதனால மண்ணை நம்பாதீங்க, வலையையே எர்த் ஆக்குங்க. ஒரு அடி அகல ஜிஐ வலையை வெளிப்பக்கமா தரையில படுக்கப் போட்டு, நிக்கிற வலையோட ஜிஐ கம்பியால இறுக்கிக் கட்டி, ஆணி அடிச்சிடுங்க. பறிக்க வர்ற கீரி அந்த வலை மேல நின்னுதான் மூக்கை நீட்டும். மூக்கு கம்பியில பட்டா கோடையிலயும் முழு அடி. பச்சை பிளாஸ்டிக் பூச்சு வலை இதுக்கு ஆகாது.

கம்பி மூணே போதும்: வலைக்கு வெளியே 5 இஞ்ச் தள்ளி, தரையில இருந்து 4 இஞ்ச்ல ஒண்ணு, 9 இஞ்ச்ல ஒண்ணு. மூணாவது வலையோட மேல் விளிம்புக்கு 3 இஞ்ச் மேல, பூனைக்கு. சதுர இடமா இருந்தா சுத்தளவு 264 அடி வரும். மூணு சுத்துக்கு 14 கேஜ் ஜிஐ கம்பி 6 கிலோ, சேதாரத்துக்கு ஒரு கிலோ சேர்த்து வாங்குங்க. கல்லுக்கால் மழையில நனைஞ்சா கரண்டை இழுக்கும், அதனால கல்லுக்கால்லயும் இன்சுலேட்டர் போடணும். இன்சுலேட்டருக்குப் பதிலா ஓஸ் துண்டு போட்டா வெயில்ல வெடிச்சிடும்.

கீரி பகல்ல மேயறது. சாயங்காலம் ஆன் பண்ணி காலையில ஆஃப் பண்ணா பூனைக்கு மட்டும்தான் வேலி.

கேவிகுப்பம்_சோலார்:
இந்த அளவுக்கு ஒரு ஜூல் (ஒரு துடிப்புல விடற சக்தியோட அளவு) மெஷின் தாராளம். எர்த்துக்கு 6 அடி ஜிஐ ராடு மூணு, 10 அடி இடைவெளியில, வலையையும் அதே எர்த் லைன்ல சேருங்க. வீட்டு எர்த்தோட சேர்க்கவே கூடாது, 10 மீட்டராவது தள்ளி இருக்கணும். ஜிஐ ராடுல காப்பர் வயரை முறுக்கினா சந்து அரிச்சுப் போகும், கிளாம்ப் போட்டு ஜிஐ கம்பியே இழுங்க. குளிக்கிற தண்ணி போற இடமா பார்த்து அடிச்சா கோடைக் கவலை பாதி தீரும்.

வேலிக்குன்னு இருக்கிற வோல்ட் மீட்டர்ல 5,000 வோல்ட்டுக்கு மேல நிக்கணும். 3,000க்குக் கீழ போனா முதல்ல கம்பியில புல் படுதான்னு பாருங்க. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு சுத்தி வந்தா, கசியற இடத்துல 'டிக் டிக்'னு பொறி தெரியும். கீழ்க்கம்பி 4 இஞ்ச்தான், ஐப்பசி மழைக்கு அப்புறம் அடிக்கடி புல் வெட்டணும். அதுக்கு சோம்பல்பட்டா இந்த வேலியே வேணாம்.

ஜவ்வாது_அடிவாரம்:
மெஷின் விலையைப் பார்த்துட்டு யாராவது 'நேரா லைன்ல கொக்கி போடு'ன்னு சொல்லுவாங்க, காதுல வாங்காதீங்க. மெஷின் கிட்டத்தட்ட வினாடிக்கு ஒரு துடிப்பு விட்டு நிறுத்தும், தொட்டவன் கையை எடுத்துக்கலாம். 230 வோல்ட் நேர் கரண்ட் விடாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் மூணு யானை செத்தது அப்படிப்பட்ட திருட்டு வேலியில்தான். அதே வருஷம் மின்வேலி பதிவுக்கு அரசு தனி விதியும் கொண்டு வந்தது. காப்புக்காடு பக்கம்னா முதல்ல வனச்சரக அலுவலகத்துல கேளுங்க. மெஷின்ல ஐஎஸ் 302-2-76 (வேலி மெஷினுக்கான இந்தியத் தர எண்) முத்திரை இருக்கான்னு பாருங்க.

அணைக்கட்டு_கோழி:
நன்றிண்ணே. வாசல் கேட்டு கிட்ட கம்பியை எப்படிக் கடத்தறது? பருந்துக்கு என்ன வழி?

கேவிகுப்பம்_சோலார்:
கேட்டுக்கு அடியில ஒரு அடி ஆழத்துல பிவிசி பைப் போட்டு, உள்ளே வேலிக்குன்னே விக்கிற ஹெச்டி (அதிக வோல்ட் தாங்கற) கேபிளை விடுங்க. வீட்டு வயரிங் ஒயர் 1,100 வோல்ட்டுக்குத்தான், மண்ணுக்குள்ள கசியும். பைப் வாயை ரெண்டு பக்கமும் கீழ்நோக்கி வளைச்சு விடுங்க, தண்ணி இறங்காது. பருந்துக்கு வேலி உதவாது. குஞ்சு இடத்துக்கு மேல பழைய மீன்வலை கட்டுங்க, நடுவுல தொங்கி கம்பியில படாம.