பினாங்கு லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் வாங்கிய ரூபிக் கியூப்: ஒரு மூலை மட்டும் சேர மறுக்கிறது

கேள்வி (ஜெலுத்தோங்)
வணக்கம். 80களின் மாதிரி கியூப் ஒன்று கிடைத்தது. ஸ்டிக்கர் ஒட்டியது, திருப்பினால் கரகரவென்று சத்தம். கீழ் இரண்டு தட்டும் சேர்கின்றன. மேல்தட்டில் எல்லாம் சரியாகி, ஒரே ஒரு மூலை நின்ற இடத்திலேயே திரும்பி நிற்கிறது. புது ஸ்டிக்கர் ஒட்டி எண்ணெய் விடலாமா?

பதில் 1 (ஆயர் ஈத்தாம்)
அந்த ஒரு மூலையை எந்தத் திருப்பல் சூத்திரத்தாலும் சரியாக்க முடியாது, தம்பி. யாரோ கழற்றித் தப்பாக மாட்டியிருக்கிறார்கள். கண்டபடி மாட்டினால் 12இல் 1 பங்குதான் சேரக்கூடிய நிலையில் அமையும்.

கழற்றுமுன் ஸ்டிக்கரைப் பாருங்கள். எதிரெதிர் நடுக்கட்டங்களின் நிறம் இரண்டும் ஒரே துண்டில் இருந்தால், உரித்து மாற்றி ஒட்டிய கியூப் அது. அந்தக் காலத்தில் இந்தக் குறுக்குவழி வீட்டுக்கு வீடு நடந்தது! வெள்ளைக்கு எதிரே மஞ்சள் இல்லாமல் நீலம் இருந்தால் பதற வேண்டாம், ஆரம்ப காலக் கியூப்களில் அதுவும் உண்டு.

ஸ்டிக்கர் சரி என்றால், மேல்தட்டை 45 பாகை திருப்பி, ஒரு விளிம்புத் துண்டின் அடியில் கட்டைவிரலை வைத்து மெல்ல நெம்புங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக்கில் தழும்பு விழும். விளிம்பு வந்துவிட்டால் பக்கத்து மூலை தானாகக் கழன்றுவிடும். மூலையைச் சரியாகத் திருப்பி வைத்து, விளிம்பைக் கடைசியாக அழுத்துங்கள்.

பிறகு சோதனை: வலப்பக்கம் மேலே, மேல்தட்டு இடப்புறம், வலப்பக்கம் கீழே, மேல்தட்டு வலப்புறம். இந்த நான்கையும் 6 முறை செய்தால் கியூப் பழைய நிலைக்கே திரும்ப வேண்டும். எங்கே இறுகுகிறது என்பதும் கையில் தெரிந்துவிடும்.

பதில் 2 (பிரிக்பீல்ட்ஸ்)
சமையல் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே இரண்டும் கூடாது. முன்னது நாளடைவில் பிசினாகும், பின்னது பிளாஸ்டிக்கையே கெடுக்கலாம். சிலிக்கோன் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு போதும், அதுவும் உள்ளே மட்டும். ஸ்டிக்கர் அடியில் கசிந்தால் பசை விட்டுவிடும்.

முதலில் துண்டுகளின் உட்பாதங்களை ஈரத்துணியால் துடையுங்கள். கரகரப்பில் பாதி அங்கே படிந்த கறுப்பு மாவுதான். தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். காற்றாடியில் காயட்டும், வெயில் நிறத்தை வெளுத்துவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் உள்ளிருக்கும் சுருள்வில்லும் துருப்பிடிக்கும். நடுக்கட்டத்தின் மூடியைத் திறந்து திருகு இருந்தால் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். ரிவெட் (கழற்ற முடியாதபடி அடித்து இறுக்கிய ஆணி) என்றால் இறுக்கத்தை மாற்ற வழியில்லை, விட்டுவிடுங்கள். மூடி ஒட்டியிருந்தால் வற்புறுத்தவே வேண்டாம்.

ஜெலுத்தோங்
நன்றி அண்ணா. மங்கிப்போன ஸ்டிக்கரை மாற்றலாமா?

பதில் 3 (பட்டர்வொர்த்)
என்னைக் கேட்டால் வேண்டாம். 1974இல் எர்னோ ரூபிக் வடிவமைத்து, 1980இல் உலகச் சந்தைக்கு வந்த பொருள் அது. விரல் பட்டு மங்கிய அந்த ஆரஞ்சும், ஒவ்வொரு தட்டையும் நேராக நிறுத்தினால்தான் அடுத்தது திரும்பும் அந்தப் பிடிவாதமும் புதுக் கியூபில் கிடைக்காது. ஓரம் தூக்கினால் மட்டும் ஊசிமுனையில் பசை தொட்டு அழுத்துங்கள்.

அடுத்து தேடுவதானால் மடக்கி உருவம் செய்யும் 24 துண்டு ரூபிக் பாம்பை எடுங்கள், அதில் கெட்டுப்போக அதிகம் இல்லை. பழைய 4×4 கியூப் (பக்கத்துக்கு நான்கு கட்டம்) கண்ணில் பட்டால், வாங்குமுன் எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள். அதன் நடுத்துண்டுகளின் கால் மெல்லியது. ஒன்று ஒடிந்திருந்தாலும் மாற்றுத் துண்டு கிடைப்பது கஷ்டம்.