கடக்வாஸ்லாவில் சேரப்போகும் மகன்: பெற்றோர் கையெழுத்திடும் உறுதிமொழியும் ரெலிகேஷன் விதியும்

கேள்வி: உடுமலை அன்னை

என் மகன் அமராவதிநகர் சைனிக் பள்ளியில் படித்து முடித்து, முப்படைகளுக்கான தேர்வு வாரியத்தின் (எஸ்.எஸ்.பி.) நேர்காணலிலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறி, வரும் பருவத்தில் புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேர இருக்கிறான். விடுதி வாழ்க்கை அவனுக்குப் புதிதல்ல. ஆறாம் வகுப்பிலிருந்தே விடிவதற்கு முன் எழுந்து மைதானத்தில் நின்று பழகியவன் என்பதால், காலை ஓட்டத்தையும் கண்டிப்பையும் எண்ணி நான் கவலைப்படவில்லை.

ஆனால் விதிகளைப் படிக்கும்போது இரண்டு இடங்களில் மனம் தயங்கி நின்றுவிட்டது. பயிற்சியின்போதோ பயிற்சியின் விளைவாகவோ மகனுக்குக் காயம் ஏற்பட்டாலும், அதற்கான அறுவை சிகிச்சையிலோ மயக்க மருந்தாலோ உயிருக்கே தீங்கு நேர்ந்தாலும் அரசிடம் இழப்பீடு கோர மாட்டோம் என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும் என்கிறார்கள். இரண்டாவது, ஒரு பருவத்தில் தேறாதவரை அதே பருவத்தை மீண்டும் படிக்க வைக்கும் ரெலிகேஷன் என்னும் விதி. எங்கள் உறவினர் ஒருவர், "அதில் மாட்டினால் பையனின் எதிர்காலமே போயிற்று" என்று சொல்லிவிட்டுப் போனார். அது உண்மையா? அங்கே படித்தவர்களும் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: சேதுநாட்டுக் காலாட்படை

வணக்கம் அம்மா. நான் அங்கே பயின்று, தரைப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ரெலிகேஷனைப் பற்றி அனுபவத்திலிருந்தே எழுத முடியும், ஏனென்றால் மூன்றாம் பருவத்தில் நானே அதற்கு ஆளானேன்.

பயிற்சி மூன்று ஆண்டுகள். ஆண்டுக்கு இரண்டாக ஆறு பருவங்கள். ஒவ்வொரு பருவத்திலும் படிப்பு, உடற்பயிற்சி, டிரில், நீச்சல், நடத்தை ஆகிய எல்லாவற்றிலும் குறிப்பிட்ட தரத்தை எட்ட வேண்டும். பள்ளியில் கணக்கில் குறைந்த மதிப்பெண்ணைத் தமிழ் ஈடுசெய்வதைப் போல இங்கே ஒன்றை மற்றொன்றால் ஈடுசெய்ய இயலாது. ராமநாதபுரத்துக் கண்மாயில் குளித்து வளர்ந்த எனக்கு நீரில் மிதக்கத் தெரியும். ஆனால் முறையான நீச்சலில் குறித்த நேரத்துக்குள் குறித்த தூரத்தைக் கடக்க முடியவில்லை. பத்து மீட்டர் உயர மேடையிலிருந்து குதிப்பதைக்கூட முதல் முறையே செய்துவிட்டேன், தூரத்தில்தான் தோற்றேன். ஒரு பருவம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, எனக்கு அடுத்து வந்த கோர்ஸோடு (அணியோடு) சேர்ந்து மீண்டும் அதே பருவத்தைப் படித்தேன்.

அதனால் நான் இழந்தது ஆறு மாதம். என்னுடன் சேர்ந்தவர்கள் எனக்கு ஆறு மாதம் முன்னதாக டேராடூனில் உள்ள இந்திய ராணுவக் கழகத்துக்குச் சென்றார்கள், பணிமூப்பில் கடைசிவரை எனக்கு முன்னால் இருந்தார்கள். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் வழங்கும் பட்டமும் ஆறு மாதம் தள்ளிப்போனது. அதிகாரியாகும் வாய்ப்பு பறிபோகவில்லை. ஆகவே உங்கள் உறவினர் சொன்னது சரியல்ல. திரும்பத் திரும்ப ரெலிகேஷனுக்கு உள்ளானால்தான் கழகத்திலிருந்தே நீக்கும் நிலை வரும்.

நீங்கள் உண்மையில் அஞ்ச வேண்டியது ஒழுங்கு நடவடிக்கையால் வரும் நீக்கத்தைத்தான். தேர்வில் காப்பியடிப்பது, பொய் சொல்வது, திருடுவது, இளையவர்களைத் துன்புறுத்துவது ஆகியவை அந்த வகையில் சேரும். அப்படி வெளியேற்றப்பட்டவர் முப்படைகளின் வேறு எந்தப் பயிற்சிக் கழகத்துக்கும் பிறகு விண்ணப்பிக்க முடியாது. நீச்சலில் தோற்றவனுக்கு மறுபருவம் உண்டு, இவனுக்கு அது கிடையாது.

அன்றாட விதிகளையும் சொல்லிவிடுகிறேன். தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றுக்கும் போகவிருக்கும் பிள்ளைகள் பிரிக்கப்படாமல் ஒரே ஸ்குவாட்ரனில் (விடுதிப் பிரிவில்) கலந்து தங்குவார்கள். இப்போது மொத்தம் 18 ஸ்குவாட்ரன்கள் உள்ளன. டிரில் சதுக்கத்தில் நடக்கும் சோதனையில் தேறும்வரை முதல் பருவத்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை வெளியே செல்லும் லிபர்ட்டி கிடையாது. வகுப்புக்கும் மைதானத்துக்கும் சைக்கிளில்தான் போக வேண்டும், அதுவும் வரிசையாக, குழுவாக. நடுவழியில் பஞ்சரானால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மற்றவர்களோடு ஓட வேண்டும். சங்கிலியின் எண்ணெய்க் கறை சட்டையில் படாமல் அதை எப்படித் தூக்குவது என்பதை ஒரு மூத்த மாணவர்தான் எனக்குக் காட்டிக் கொடுத்தார்: பெடலைப் பின்னோக்கிச் சுழற்றி நிறுத்தி, குறுக்குக் கம்பி தோள்பட்டையில் படியுமாறு, சங்கிலி வெளிப்பக்கம் இருக்குமாறு தூக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வீண் கொடுமையாகத் தோன்றலாம். குழுவில் ஒருவர் மட்டும் பின்தங்கக் கூடாது என்பதே அந்த விதியின் நோக்கம் என்று இன்றும் நான் நம்புகிறேன்.

ஆனால் எல்லாவற்றையும் அப்படி நியாயப்படுத்த மாட்டேன். ரெஸ்டிரிக்ஷன் (கட்டுப்பாட்டுத் தண்டனை), கூடுதல் டிரில் போன்றவை முறைப்படி விதிக்கப்பட்டுப் பதிவாகும் தண்டனைகள். இரவில் அறைக்குள் மூத்த கேடட்கள் (பயிற்சி மாணவர்கள்) தம் விருப்பப்படி தரும் ரக்டா என்னும் உடல் தண்டனை அப்படிப்பட்டதன்று. உடல்வதை விதியால் தடைசெய்யப்பட்டது. எல்லை மீறினால், தன் பிரிவுக்குப் பொறுப்பான டிவிஷனல் அதிகாரியிடம் தயங்காமல் சொல்லும்படி மகனிடம் இப்போதே கூறிவையுங்கள்.

மறுமொழி 2: மதுரை வழக்கறிஞர்

முன்னவர் ரெலிகேஷனை விளக்கிவிட்டதால் நான் உறுதிமொழியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்த வாசகத்தை நீங்கள் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறீர்கள். கையெழுத்திடாமல் சேர்க்கை இல்லை. எனவே அதன் பின்விளைவைத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுவதே நல்லது.

என் அக்காள் மகன் ஒரு பயிற்சி நிலையத்தில் தடைதாண்டும் பயிற்சியின்போது சுவரிலிருந்து விழுந்தான். எந்த நிலையம் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. முதுகில் வலி இருந்தும் அதை யாரிடமும் சொல்லவில்லை. பயிற்சி நாட்கள் தவறினால் மருத்துவக் காரணத்தாலும் ரெலிகேஷன் வரும் என்ற அச்சத்தில், வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டு இரண்டு வாரம் ஓடினான். பிறகு கால் மரத்துப்போய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். மாதக்கணக்கில் சிகிச்சை பெற்றும் தகுதியற்றவன் என்று மருத்துவக் குழு முடிவு செய்து அவனை வீட்டுக்கு அனுப்பியது. விழுந்த நாளில் எந்தப் பதிவும் இல்லாததால், அந்தக் காயம் பயிற்சியால்தான் வந்தது என்று நிறுவுவதற்கு நாங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது.

இப்படி வெளியேற்றப்படும் கேடட்கள் இன்னும் முறைப்படி நியமன ஆணை (கமிஷன்) பெற்ற அதிகாரிகள் அல்லர் என்பதால் அவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி தரப்படுவதில்லை. ஊனமுற்ற அதிகாரிக்குரிய ஓய்வூதியத்துக்குப் பதிலாகக் கருணைத் தொகைதான் கிடைக்கிறது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இவர்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதே மாத இறுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் இவர்களையும் சேர்க்க மத்திய அரசு உத்தரவிட்டது. நாட்டுக்காக உடலைத் தரத் துணிந்து போன பதினெட்டு வயதுப் பிள்ளையை இத்தனை காலம் வெறுங்கையோடு அனுப்பியது பெரும் அநீதி என்பதே என் உறுதியான கருத்து. மருத்துவ வசதி வந்துவிட்டதால் அந்த அநீதி முழுவதும் தீர்ந்துவிட்டதாக நான் கருதவில்லை.

ஆகவே அம்மா, உங்களுடைய இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்விதான். ரெலிகேஷனுக்கு அஞ்சும் பிள்ளை காயத்தை மறைக்கிறான். மறைத்த காயம் பின்னாளில் சான்றில்லாத காயமாகிவிடுகிறது. அடிபட்ட அன்றே எம்.ஐ. ரூமுக்கு (மருத்துவச் சோதனை அறைக்கு) சென்று, எந்தப் பயிற்சியில் எப்படி அடிபட்டது என்பதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மருத்துவத் தாள்களின் நகல்கள் வீட்டிலும் ஒரு தொகுப்பாக இருக்கட்டும். கேடட்களுக்கான குழுக் காப்பீட்டுக்குப் பணம் கட்டிய ரசீதையும் அதனுடன் வையுங்கள்.

மறுமொழி 3: தஞ்சைத் தந்தை

என் மகள் இந்தத் தேர்வுக்குப் படித்துவருகிறாள். உச்ச நீதிமன்றத்தின் 2021 உத்தரவுக்குப் பிறகு சேர்ந்த முதல் பெண்கள் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சியை முடித்து வெளிவந்ததைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. அதனால் விதிகளை நானும் படித்து வைத்திருக்கிறேன். பணம் தொடர்பானவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

உணவு, உறைவிடம், சீருடை, புத்தகம், மருத்துவம் ஆகியவற்றை அரசு ஏற்கிறது. கைச்செலவு மட்டும் பெற்றோர் பொறுப்பு. கடக்வாஸ்லாவில் இருக்கும் மூன்று ஆண்டுகளில் உதவித்தொகை எதுவும் கிடையாது. மாதம் 56,100 ரூபாய் என்று பலரும் சொல்வது அடுத்த கட்டப் பயிற்சியில் கிடைப்பது. நான் படித்த அறிவிப்பின்படி, பெற்றோரின் மாத வருமானம் 21,000 ரூபாய்க்கு மிகாமல் இருந்தால் மாதம் 1,000 ரூபாய் நிதியுதவி உண்டு. அதற்கு மாவட்ட ஆட்சியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். சொந்தக் காரணங்களுக்காகப் பாதியில் விலகினாலும், பயிற்சிக் காலத்தில் திருமணம் செய்துகொண்டாலும் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட நேரும்.

உடுமலை அன்னை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு இந்த மறுமொழிகளை மகனிடம் வாசித்துக் காட்டினேன். காயத்தை மறைக்க மாட்டேன் என்று சொன்னான். ஆனால் சொன்ன வேகத்தைப் பார்த்தால் என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதாகவே தோன்றியது. இன்னும் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஐயா, நீங்கள் ரெலிகேட் ஆனபோது உங்கள் வீட்டில் என்ன சொன்னார்கள்? அப்படி ஒரு செய்தி வந்தால் நாங்கள் எப்படிப் பேச வேண்டும்?

மறுமொழி 4: சேதுநாட்டுக் காலாட்படை

அம்மா, வழக்கறிஞர் எழுதியதை ஒரு வரி விடாமல் ஏற்கிறேன். என் காலத்திலும் சுளுக்கிய காலைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு ஜோஷ் ரன் என்னும் நெடுந்தூர ஓட்டத்தில் ஓடியவர்கள் இருந்தார்கள், அதை நாங்களும் பெருமையாகவே பேசினோம். அது தவறு என்று இப்போது சொல்கிறேன்.

புறப்படுவதற்கு முன் அவனிடம், ஆறு மாதம் தாமதமாக வந்தாலும் இந்த வீட்டில் யாரும் வருந்த மாட்டோம் என்று நீங்களும் அவன் அப்பாவும் ஒன்றாக அமர்ந்து சொல்லுங்கள். ரெலிகேட் ஆனபின் சொல்வதைவிட இப்போதே சொல்வது அவனுக்கு உதவும். அங்கே இருக்கும்போது உங்களுக்கு ஐயம் எழுந்தால் டிவிஷனல் அதிகாரிக்குக் கடிதம் எழுதலாம், அதனால் மகனுக்குக் கெட்ட பெயர் வராது.

என் வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். நான் ரெலிகேட் ஆனதை ஊருக்கு எழுத மூன்று வாரம் மனம் வரவில்லை. கடைசியில் எழுதினேன். அப்பா பதிலுக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்பினார். வீட்டில் எல்லோரும் நலம் என்பதற்குக் கீழே இரண்டே வரிகள் இருந்தன: "இந்த வருஷம் கண்மாய் நிறைஞ்சிருக்கு. லீவுக்கு வா, நீஞ்சிப் பழகலாம்."