சுகர் பூனை குதிகாலை ஊன்றி நடக்கிறது: நரம்பு மாத்திரை கொடுக்கலாமா?

மீசைக்காரி:
கருத்தடை செய்த ஆண் பூனை, வயது 11, எடை 5 கிலோ. கிளார்ஜின் இன்சுலின் காலையும் மாலையும் 2 யூனிட். 450க்கு மேல் இருந்த சுகர் இப்போது 220–300இல் நிற்கிறது. பின்னங்கால்கள் இரண்டும் விரல்மேல் நிற்காமல் குதிகால் தரையில் படிந்தே நடக்கிறது. சோபாவில் ஏற முடியவில்லை. பசி நன்றாக இருக்கிறது, கால்கள் வெதுவெதுப்பாகவே இருக்கின்றன. நரம்பு பாதிப்பு, மெதுவாகத்தான் சரியாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாப்பாட்டில் பாதி இன்னும் டிரை ஃபுட்.

மனிதர்களுக்கான நரம்பு மாத்திரை வீட்டில் இருக்கிறது, மெத்தில்கோபாலமினும் (பி12 வைட்டமின்) ஆல்ஃபா லிப்போயிக் அமிலமும் சேர்ந்தது. கால்வாசி மாத்திரை கொடுக்கலாமா? பயிற்சி ஏதாவது உண்டா?

கரும்புலி:
அந்த மாத்திரையைத் தொடாதீங்க. கால்வாசிகூட வேண்டாம். ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் பூனைக்கு விஷம். நாயைவிடப் பூனைக்குப் பல மடங்கு கடுமை. கிலோவுக்கு 30 மி.கி. போனாலே கல்லீரல் செல்கள் சேதமாகும். 5 கிலோ பூனைக்கு அது 150 மி.கி., அதாவது ஒரு 200 மி.கி. காப்ஸ்யூலே அதைத் தாண்டிடும். எச்சில் வடியறது, வாந்தி, தள்ளாட்டம்னு ஆரம்பிக்கும். பூனை தானா எடுத்துத் தின்னிருந்தா அறிகுறிக்குக் காத்திருக்காம டாக்டர்கிட்ட போங்க.

தனி மெத்தில்கோபாலமின் வேற விஷயம். பூனை வளர்க்கறவங்க வழக்கமா தர்றது ஒரு நாளைக்கு 3 முதல் 5 மி.கி., பொடிச்சு வெட் ஃபுட்ல கலந்து. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க. மிச்சம் சிறுநீர்ல போயிடும், அதனால அளவு கொஞ்சம் கூடினாலும் பயம் இல்லை. ஆனா நாக்குக்கு அடியில் வைக்கற மாத்திரைகள்ல இனிப்பு சேர்ப்பாங்க. சர்க்கரை, சைலிடால் இல்லாததா பார்த்து வாங்குங்க. இதுக்கான ஆய்வுச் சான்று குறைவு. துணை மருந்தா மட்டும் வெச்சுக்குங்க.

நிழல்வால்:
காலைத் தூக்கி நிறுத்தப்போவது வைட்டமின் அல்ல, சுகர் குறைவதுதான். ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தே இருந்தால் நரம்பின் உறை கெடுகிறது. நீளமான நரம்புகள் முதலில் அடிவாங்கும், அதனால்தான் பின்னங்கால். 220–300 என்பது முன்னேற்றம்தான், ஆனால் நரம்பு ஆற அது போதாது. ஊசிக்குப் பின் வரும் தாழ்ந்த அளவு 80–150க்குள் இருப்பது நல்ல இலக்கு.

ஒருநாள் காலை ஊசிக்குமுன் தொடங்கி 2 மணிக்கு ஒருமுறை 12 மணி நேரம் காதோரத்தில் ரத்தம் எடுத்து எழுதி, டாக்டரிடம் காட்டுங்கள். டோஸை மாற்றினால் அரை யூனிட் அளவில்தான், அதையும் சில நாள் விட்டுப் பார்த்த பிறகுதான். மனிதர்களுக்கான சுகர் மீட்டர் பூனையின் ரத்தத்தில் சற்றுக் குறைத்துக் காட்டும். எந்த மீட்டர் என்பதையும் எண்ணோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

சிரிஞ்சைச் சரிபாருங்கள். கிளார்ஜின் ஒரு மி.லி.க்கு 100 யூனிட். அதை 40 யூனிட் சிரிஞ்சில் 2 கோடு இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட். ஊசி முடிக்குள் கசிந்துவிட்டது என்று தோன்றினாலும் மறுபடி போடாதீர்கள், அடுத்த வேளை போதும்.

மீசைக்காரி:
மாத்திரை குப்பைக்குப் போய்விட்டது, நன்றி. அப்படியானால் டிரை ஃபுட்டை இன்றே நிறுத்திவிடட்டுமா?

நிழல்வால்:
இன்றே வேண்டாம். மாவுச்சத்து குறைந்ததும் இன்சுலின் தேவை மளமளவென்று இறங்கும், அதே 2 யூனிட் அப்போது அதிகமாகிவிடும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். அந்த நாட்களில் ஒவ்வோர் ஊசிக்கு முன்னும் சுகர் பாருங்கள். 150க்குக் கீழ் இருந்தால் கேட்காமல் போடாதீர்கள்.

வெட் ஃபுட்டில் மாவுச்சத்தை டப்பா லேபிளிலேயே கணக்குப் போடலாம். புரதம் 11, கொழுப்பு 6, ஈரம் 78, சாம்பல் 2, நார் 1 என்றால் கூட்டுத்தொகை 98. மிச்சம் 2 மாவுச்சத்து. கலோரியாக மாற்ற, புரதத்தையும் மாவையும் 3.5ஆல், கொழுப்பை 8.5ஆல் பெருக்குங்கள்: 38.5, 7, 51. மொத்தம் 96.5 கலோரியில் மாவின் பங்கு சுமார் 7 சதவீதம். 10க்குக் கீழ் இருந்தால் நல்லது. குழம்போடு வரும் துண்டு வகைகளில் பெரும்பாலும் மாவு கூடுதல்.

தாவல்:
பயிற்சி பற்றி யாரும் சொல்லவில்லையே.

வழுவழுப்பான தரைதான் முதல் எதிரி. பூனை நடக்கும் வழியெல்லாம் ரப்பர் பாய் விரியுங்கள், பாதத்துக்கு இடையே வளர்ந்த முடியையும் நகத்தையும் வெட்டிவிடுங்கள். லிட்டர் டிரேயின் வாசல் உயரம் 5–7 செ.மீ.க்கு மேல் வேண்டாம். குதிகால் தோலைத் தினமும் பாருங்கள், முடி உதிர்ந்து சிவந்தால் அடுத்தது புண்தான். சுகர் உள்ள உடம்பில் அது லேசில் ஆறாது.

பக்கவாட்டில் படுக்கவைத்து ஒவ்வொரு பின்னங்காலையும் மெதுவாக மடக்கி நீட்டுங்கள், 10 முறை, நாளுக்கு 2 வேளை. இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். பிறகு வயிற்றுக்கடியில் துண்டு கொடுத்துத் தாங்கி, நாலு காலும் தரையில் சரியாகப் பட ஒரு நிமிடம் நிற்க வையுங்கள். அதற்குப் பழகியதும் 2–3 செ.மீ. உயரக் குச்சிகளை வரிசையாகப் போட்டுத் தாண்ட வையுங்கள். சோபாவுக்குப் படி வைத்துவிடுங்கள், குதிக்க விட வேண்டாம்.

தேற வாரங்கள், சில பூனைகளுக்கு மாதங்கள் ஆகும். முதலில் நடக்கத் தொடங்கும்போது குதிகால் தூக்கும், களைத்ததும் சரியும். அந்த இடைவெளி நீளுகிறதா என்று பாருங்கள். நாள்பட்ட பாதிப்பில் கொஞ்சம் மிச்சம் நின்றுவிடுவதும் உண்டு.

கரும்புலி:
ஒண்ணு விட்டுப்போச்சு. கால் திடீர்னு மோசமானா நரம்புன்னு விட்டுடாதீங்க. சில மணி நேரத்துல தள்ளாட ஆரம்பிச்சா முதல்ல மீட்டர். மனுஷ மீட்டர்ல 50க்குக் கீழேன்னா ஈறுல தேன் தடவி, முழுங்க முடியும்னா சாப்பாடு வெச்சு, உடனே டாக்டருக்குப் போன். வலிப்பு வந்தா வாய்க்குள்ள எதையும் ஊத்தாதீங்க. கத்திக்கிட்டே பின்னங்காலை இழுத்து, பாதம் சில்லுன்னு இருந்தா ரத்தக்கட்டி, ஒரு நிமிஷம்கூட தாமதிக்கக் கூடாது. கழுத்து தொங்கினா பொட்டாசியம் குறைஞ்சிருக்கலாம், ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சிடும்.