‘இரத்தம் ஐதாக்கி’ வேண்டாம். ‘உறைநேர நீட்டி’ பற்றி யோசிப்போமா?

வணக்கம் ஐயா,

இரத்தம் உறைவதைச் சுணக்கும் வோபரின் வகை மருந்துகளுக்குத் தமிழில் ‘இரத்தம் ஐதாக்கி’ என்று எழுதலாம், சனங்கள் ஏற்கெனவே அப்படித்தானே சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சனங்களின் சொல்லை எடுக்க வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் இந்தச் சொல் எங்கள் வீட்டுக் குசினியில் என்ன செய்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்குச் சின்ன வயதில் வந்த வாதக்காய்ச்சலால் இதயத்தின் இருகூர் வால்வு கெட்டுப்போய், போன வருடம் செயற்கை வால்வு வைத்தார்கள். சுன்னாகத்துக்குக் கூட்டி வந்த பிறகு, நெஞ்செலும்பு பொருந்தும் வரைக்கும் கிணற்றில் தண்ணீர் அள்ள விடவில்லை, ஒரு குடம் தூக்க விடவில்லை. இரவில் கரண்ட் போய் விசிறி நின்றால், கட்டிலுக்குப் பக்கத்தில் பாயில் கிடக்கும் எனக்கு அந்த வால்வு ‘டிக் டிக்’ என்று அடிப்பது கேட்கும். அது கேட்டால்தான் எனக்கு நித்திரை வரும்.

பார்க்க வந்த சொந்தக்காரர் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: “என்ன குளிசை குடுக்கினம்?” இரத்தத்தை ஐதாக்கிற குளிசை என்றோம். “ஐயோ, இரத்தம் தண்ணியாப் போனால் மனிசி எப்பிடி எழும்புறது?” அடுத்த நாளே முருங்கையிலையும் பொன்னாங்காணியும் வந்து குவிந்தன. காலையும் மாலையும் வறை. மூன்று கிழமை கழித்து இரத்தம் சோதித்தபோது, உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண் (INR) 1.4 என்று வந்தது. அம்மாவுக்கு அது 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும். வால்வில் இரத்தக்கட்டி பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இன்றைக்கும் கை நடுங்குகிறது. பச்சையிலைகளில் இருக்கும் விற்றமின் கே வோபரினுக்கு நேரெதிராக வேலை செய்யும். “கீரையை விடச் சொல்லேல்லை அம்மா, ஒவ்வொரு கிழமையும் ஒரே அளவாச் சாப்பிடுங்கோ” என்று சொல்லி டொக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார்.

வோபரின் இரத்தத்தை ஐதாக்குவதே இல்லை. ஈரலில் உறைதற் காரணிகள் சில சரியாக உருவாக விற்றமின் கே வேண்டும். அந்த விற்றமினின் வேலையை வோபரின் மட்டுப்படுத்துகிறது. அதனால் இரத்தம் உறைய நேரம் எடுக்கும், அவ்வளவுதான். பாலில் தண்ணீர் கலப்பது வேறு, உறைமோரைக் குறைத்து ஊற்றுவது வேறு. பால் அதே பால்தான், தயிராகத்தான் சுணங்கும். இதை அம்மாவுக்கு இப்படிச் சொன்னபோது ஒரு நொடியில் பிடித்துக்கொண்டார்.

‘உறையெதிரி’ என்று தங்கச்சி ஒருவர் எழுதியிருந்தார். பிறபொருளெதிரி (antibody) மாதிரி, பாடப்புத்தகப் பழக்கத்துக்கு ஒத்து வருகிறது. ஆனாலும் ‘எதிரி’ என்றால் உறைதலே நின்றுவிடும் என்ற பயம் வரும். கறிக்கு நறுக்கும்போது விரலில் கத்தி பட்டாலே அம்மா அழத் தொடங்கிவிடுவார்.

அதனால் என் முன்மொழிவு: ‘உறைநேர நீட்டி’. அந்த 1.4, 2.5 எண்களுக்கு ‘உறைநேர விகிதம்’. சாதாரண ஆளுக்கு அது 1 அளவில் இருக்கும்; எண் கூடக் கூட உறைய எடுக்கும் நேரம் கூடுகிறது. ‘உறைவெண்’ என்று போட்டால், எண் கூடினால் அதிகம் உறையும் என்று தலைகீழாக விளங்கிவிடும். மருந்தும் அளவும் ஒரே வேரில் நின்றால் கிளினிக் கொப்பியைப் பார்க்கிற ஆளுக்கு இரண்டும் தொடுத்து விளங்கும். அஸ்பிரினையும் சனங்கள் ஐதாக்கி என்றுதான் சொல்கிறார்கள். அது வேலை செய்வது குருதிச் சிறுதட்டுகளில் (platelets) என்பதால் அதற்குத் தனிச்சொல் வேண்டும், அதைப் பிறகு பார்க்கலாம்.

1847இல் இங்கே வந்த அமெரிக்க மிஷன் டாக்டர் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த ஊர் இது, ஐயா. எங்களால் முடியாதா?

ஒரே ஒரு தயக்கம்: ‘நீட்டி’ பேச்சில் வினையெச்சமாகவும் கேட்கிறது. ‘நீடிப்பி’ என்றால் வாய்க்கு வருமா? தாதியராக வேலை செய்த அக்காமார் யாராவது சொல்லுங்கோ.