அம்மா சாளக்கிராமம் என்று கும்பிடும் கல்லை ஸ்கேன் எடுக்க முடியுமா?

கொண்டலாம்பட்டி_லாரி:
வணக்கம். அப்பா அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். அவர் கொண்டுவந்து போட்ட கல் ஒன்று வீட்டில் இருக்கிறது. இளநீர் அளவு. ஒரு பக்கம் மட்டும் நத்தை போலச் சுருள் தெரியும், மீதியெல்லாம் மஞ்சள் பாறை. அம்மா அது சாளக்கிராமம்தான் என்று முடிவுகட்டி பூஜை அலமாரியில் ஏற்றிவிட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனப் பொட்டு.

தம்பிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும். கிரானைட் பட்டறையில் இரண்டாக அறுக்கப் பேசி வைத்திருக்கிறான். அம்மா நேற்று ராத்திரி சாப்பிடவில்லை. டைனோசர் எலும்பை எல்லாம் உடைக்காமல் ஸ்கேனில் பார்க்கிறார்களாமே, அதை நம் சேலத்து ஸ்கேன் சென்டரில் செய்ய முடியாதா?

இரவு_ஷிப்ட்:
முதலில் பட்டறைக்குப் போகாதீங்க. சி.டி. ஸ்கேன் ரூமில் எனக்குப் பதினாலு வருஷம். இதே மாதிரி அரியலூர் அம்மோனைட் (கடலில் வாழ்ந்து எப்போதோ அழிந்துபோன ஓட்டுப் பிராணி, கல்லாகிக் கிடப்பது) ஒன்றை நானே வைத்துப் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் கேட்டுவிட்டு, ஆள் இல்லாத நேரம், ராத்திரி இரண்டு மணிக்கு. தலை வைக்கும் இடத்தில் துண்டை மடித்துப் போட்டு அதன் மேல் கல்.

முதல் படம் பௌர்ணமி நிலாதான். முழுக்க வெள்ளை. எங்கள் மெஷின் உடம்புக்காக அளவு வைத்தது. தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000, கெட்டி எலும்பு ஆயிரத்துச் சொச்சம். வழக்கமான அளவுகோல் 3071-இல் முடிந்துவிடும். சுண்ணாம்புக்கல் அந்த உச்சியை நெருங்கி உட்கார்ந்துகொள்ளும். வெள்ளை கறுப்பு அளவை மேலே நகர்த்தி நகர்த்திப் பார்த்த பிறகுதான் சுருளுக்குள் அறை அறையாக, தாமரைத் தண்டை வெட்டிய மாதிரி மங்கலாக ஏதோ வந்தது. டீ ஆறிப்போனது கூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதோடு சரி. பிராணியின் ஓடு சுண்ணாம்பு, அறைக்குள் புகுந்து இறுகிய சேற்றிலும் சுண்ணாம்பு. எக்ஸ்ரேக்கு அடர்த்தி வித்தியாசம்தான் தெரியும், எது பிராணி எது பாறை என்று தெரியாது. எங்கள் மெஷினுக்கு அரை மில்லிமீட்டருக்குக் கீழே பார்வையும் இல்லை. ஆராய்ச்சிக்காரர்களின் மைக்ரோ சி.டி.யில் எக்ஸ்ரே குழாய் சுற்றாது, பொருள்தான் நின்ற இடத்தில் மெல்லச் சுழலும். ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் பார்ப்பார்கள். அப்புறம் ஒவ்வொரு படத்திலும் ஓடு எது, மண் எது என்று ஆள் உட்கார்ந்து கோடு போட வேண்டும். மெஷினுக்கு ஒரு நாள் வேலை என்றால் மனுஷனுக்கு மாசக்கணக்கு.

கருப்பூர்_ஜியாலஜி:
அண்ணா, உங்கள் தம்பி யோசனை ஒன்றும் புதுசில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் சொல்லாஸ் என்பவர் 1903 வாக்கில் புதைபடிவத்தை இழை இழையாகத் தேய்த்து, ஒவ்வொரு தேய்ப்பையும் பதிவு செய்தார். உள்ளே இருந்தது தெரிந்தது, கடைசியில் கல்தான் மிஞ்சவில்லை!

மேலே சொன்ன சுண்ணாம்புத் தொல்லைக்கு வழி இருக்கிறது. பிரான்ஸில் கிரெனோபிள் ஊரில் 844 மீட்டர் சுற்றளவுள்ள சிங்க்ரோட்ரான் இருக்கிறது. ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடும் எலக்ட்ரான்களை வளைத்து எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அந்தக் கதிர் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது லேசாகத் திரும்புவதையும் பிடித்துவிடலாம். அதனால் அடர்த்தி ஒன்றாக இருந்தாலும் விளிம்பு தெரிந்துவிடும். பாகுலைட்ஸ் என்ற அமெரிக்க அம்மோனைட்டை அங்கே வைத்துப் பார்த்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. தாடை, நாக்குப் பல் எல்லாம் தெரிந்தது. வாயில் இருந்த குட்டி நத்தையும் சின்ன ஓட்டுமீன் துண்டுகளும் கூடத் தெரிந்தன. சாப்பாடு வாயில் இருக்கும்போதே செத்திருக்கிறது, பாவம். அறுத்திருந்தால் இதெல்லாம் ரம்பத்தூளோடு போயிருக்கும்.

கல்லைப் பெரியார் பல்கலைக்கழக ஜியாலஜி துறையில் ஒரு முறை காட்டுங்கள்.

ஏற்காடு_காப்பி:
எங்கள் வீட்டில் மேக்னசைட் சுரங்கத்துக் கல் ஒன்று, பெரணி இலை பதிந்த மாதிரியே. அதையும் ஸ்கேனில் போடலாமா?

கருப்பூர்_ஜியாலஜி:
லென்ஸ் போதும். நடு நரம்பு இருக்காது பாருங்கள், கிளை மட்டும் பிரிந்து பிரிந்து போகும். விரிசலுக்குள் மாங்கனீஸ் படிந்து வளர்ந்த கோலம் அது, செடி இல்லை. சேர்வராயன் மலைப் பாறை சுமார் 250 கோடி வருஷத்துக்கு முந்தையது, பூமிக்கு அடியில் வெந்து வந்தது. அதில் பெரணிக்கு வழியே இல்லை.

கொண்டலாம்பட்டி_லாரி:
பட்டறையில் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. தம்பி முகம்தான் சுண்டிக் கிடக்கிறது. வாய்க்குள் நத்தை இருந்த கதையைச் சொன்னதும் அம்மா, "அப்போ இது அசைவமா?" என்று யோசனையில் விழுந்துவிட்டார். இன்னொன்றும் கேட்கிறார்: ஸ்கேனுக்குக் கொண்டுபோனால் பொட்டைத் துடைக்க வேண்டுமா?

இரவு_ஷிப்ட்:
சந்தனம் இருக்கட்டும், ஒன்றும் ஆகாது. ஈயம் கலந்த செந்தூரம் வைத்திருந்தால் மட்டும் துடைத்துவிட்டு வாங்க. படத்தில் கல்லை விட அதுதான் பளீரென்று அடிக்கும்.