பொட்டலத்துக்குத் தடை, சிகரெட்டுக்கு வரி: இது என்ன நியாயம்?

வடவாற்றங்கரை:
நடவுக்கு வரும் பெண்கள் வெற்றிலை சீவலோடு ஒரு துண்டு புகையிலையையும் வாயில் அடக்கிக்கொண்டுதான் வயலில் இறங்குவார்கள், தஞ்சாவூர்ப் பக்கம் இது புதிதில்லை. குட்கா, வாசனைப் புகையிலைப் பொட்டலம் எல்லாவற்றுக்கும் 2013-லிருந்து தமிழ்நாட்டில் தடை. ஆனால் சிகரெட் சட்டப்படி விற்கிறது, நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனியில் அரசுக் காப்பீட்டு நிறுவனமான எல்ஐசிக்கே பங்கு இருக்கிறது. ஏழை மென்றால் குற்றம், காசுள்ளவன் ஊதினால் வருமானமா?

கொரடாச்சேரிக்காரன்:
தடையே வேண்டாம் என்கிறீர்களா? என் பெரியம்மாவுக்குக் கன்னத்துக்குள் புண் வந்து, ஆறாமல், கடைசியில் தாடையை வெட்டினார்கள். அவர் சிகரெட்டைத் தொட்டதே கிடையாது. வாயில் அடக்குகிற சரக்குதான் இங்கே ஆளைத் தின்கிறது.

பெட்டிக்கடை:
நான் கடை வைத்திருப்பவன், சொல்கிறேன். தடை வந்தபின் ஐந்து ரூபாய்ப் பொட்டலம் பல மடங்கு விலைக்குப் போகிறது, அவ்வளவுதான். அபராதம் கட்டுவது, கடைக்கு சீல் வாங்குவது எல்லாம் எங்களைப் போன்றவர்கள். லாரியில் ஏற்றி அனுப்பியவன் எங்கே? பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்ற சட்டம் சரிதான், நான் விற்பதும் இல்லை.

கொரடாச்சேரிக்காரன்:
விலை ஏறியது நல்லதுதானே அண்ணே. பள்ளிக்கூடப் பையன் கையில் அவ்வளவு காசு இருக்காது.

வடவாற்றங்கரை:
அப்படியென்றால் அந்த வேலையை வரியே செய்துவிடுமே, தடை எதற்கு? வரியிலும் ஓட்டை. பீடிக்கு ஜிஎஸ்டிக்கு மேல் போடும் கூடுதல் வரியான செஸ் போட்டதே கிடையாது, 2025-ல் 28 சதவீத வரியையும் 18 ஆகக் குறைக்க முடிவெடுத்தார்கள். பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு என்று காரணம் சொன்னார்கள். பிழைப்பைப் பார்க்க வேண்டியதுதான், ஆனால் பீடி குடிக்கிறவன் நுரையீரல் யார் கணக்கு? குட்கா தடையும் ஆடிக்கொண்டுதான் நிற்கிறது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை போட்டது.

கோடியக்கரை:
நீங்கள் எல்லாம் கடையையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், கொஞ்சம் வயலுக்கு வாருங்கள். எங்கள் வேதாரண்யம் மணலில் தாத்தா புகையிலை போட்டவர். ஒவ்வொரு செடிக்கும் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றி, கொழுந்து கிள்ளி, பக்கத்தில் வெடிக்கும் சிம்பு ஒடித்து, ஈர இலையைத் தொட்ட கையோடு தலைசுற்றி வாந்தி எடுத்து வளர்த்த பயிர். இப்போது எங்கள் நிலத்தில் முல்லையும் மாவும்தான். 2018-ல் கஜா புயல் வந்து மாமரங்களைச் சாய்த்துவிட்டுப் போனபோதுகூட நாங்கள் திரும்பப் புகையிலை நடவில்லை. அதனால் மாற்றுப் பயிரே கிடையாது என்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் பூவுக்கு ஒருநாள் விலை உண்டு, மறுநாள் பறிகூலிகூட மிஞ்சாது. அதே நேரம் ஆந்திராவில் புகையிலை போடுபவருக்கு 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு புகையிலை வாரியம், அதன் ஏலக்கூடம் இருக்கிறது. அவர் ஏன் விடுவார்?

கொரடாச்சேரிக்காரன்:
இதை ஒப்புக்கொள்கிறேன். 2004-லேயே இந்தியா ஏற்ற உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் 17-வது பிரிவு விவசாயிக்கும் தொழிலாளிக்கும் மாற்று வழி செய்யத்தான் சொல்கிறது. மலாவி மாதிரி புகையிலை ஏற்றுமதியை நம்பி நிற்கிற நாடுகூட 2023-ல் சேர்ந்துவிட்டது. ஆனால் அதுவரை தடையை எடுக்கச் சொல்லாதீர்கள்.

பெட்டிக்கடை:
அப்போ சிகரெட்டையும் சேர்த்துத் தடை செய்யுங்கள், கடையில் கடலைமிட்டாய் வைத்துக்கொள்கிறேன்.

வடவாற்றங்கரை:
அதற்குத்தான் எல்ஐசி ஒத்துக்கொள்ளாதே!

கோடியக்கரை:
கடலைமிட்டாய்க்கு லாபம் எவ்வளவு நிற்கும் அண்ணே, நிஜமாகக் கேட்கிறேன்?

பெட்டிக்கடை:
சிகரெட்டை விட நன்றாகவே நிற்கும் தம்பி. ஆனால் சிகரெட் வாங்க வருகிறவன்தான் டீயும் குடிப்பான்.